பாம் ஷெல்டரைக் காலி செய்ய வந்தவர்கள்: வீட்டை ஒழுங்குபடுத்தும் ஒரு சேவை பற்றி

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் எங்கள் ஐந்தறை வீட்டின் பதுங்கறைக்குப் பின்சுவர் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் புதிய வீடுகளில் கட்டாயமாக்கப்பட்ட, போர்க்காலக் குண்டுவீச்சின்போது பதுங்குவதற்கான, கனத்த இரும்புக் கதவு கொண்ட அந்தச் சிற்றறையை எங்கள் புளோக்கில் எல்லாரும் ‘பாம் ஷெல்டர்’ என்றுதான் சொல்கிறோம். எல்லாரும் சாமான் அறையாகத்தான் வைத்திருக்கிறோம். அப்பா மறைந்த பிறகு அம்மா தம்முடைய அங் மோ கியோ மூவறை வீட்டை விற்றுவிட்டு எங்களோடு தங்க வந்தபோது, அவருடன் ஒரு லாரி நிறையச் சாமானும் வந்தது. அதன் பிறகு பதுங்கறைக் கதவை மூடவும் முடியவில்லை, முழுதாகத் திறக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பொருள்களைக் கழித்து, எஞ்சியவற்றை அடுக்கித் தரும் நிறுவனங்கள் இப்போது சிங்கப்பூரில் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை அழைத்தேன். இருவர் வந்து நான்கு மணி நேரம் வேலை செய்ய 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிறையோடு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

வந்தவர்களில் மூத்தவர் முப்பது வயதுக்குள் இருக்கக்கூடிய சீனப் பெண். நான் எதிர்பார்த்ததுபோல அவர் கறுப்புப் பையோடு அறைக்குள் நுழைந்துவிடவில்லை. முதல் அரைமணி நேரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கூடத்தின் தரையில் வகைவகையாகப் பரப்பினார். எவர்சில்வர் பாத்திரங்கள் மட்டும் 38 இருந்தன. ஐஸ்கிரீம் டப்பாக்களை எண்ணவில்லை. மடித்து மடித்துச் சேர்த்த பேரங்காடிப் பைகள் இரண்டு மூட்டை இருந்தன; 2023 ஜூலையிலிருந்து பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள் என்பதால், தம் சேமிப்பின் மதிப்பு உயர்ந்துவிட்டதாக அம்மா பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த மூட்டைகள் இன்றும் வீட்டில்தான் இருக்கின்றன.

அடுத்து நடந்ததற்காகத்தான் இந்த மதிப்புரையையே எழுதுகிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் பழைய சந்தை மலாயில், அதாவது கடைத்தெருவில் புழங்கிய எளிய மலாயில், பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் கையில் எடுத்து, “ஆன்ட்டி, இதை யார் கொடுத்தார்?” என்று மட்டும் அவர் கேட்டார். வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பாத்திரங்களில் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும் என்பதால் இது எளிய கேள்விதான் என்று நான் நினைத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயர் இருந்தது, ஆனால் பலருடைய முகம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு தூக்குச்சட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாரென்று தெரியவில்லை, பாவம், பெயரெல்லாம் வெட்டிக் கொடுத்திருக்கிறார்” என்று சொல்லி அதைத் தாமே கொடுக்கும் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒன்பது பாத்திரங்களுக்கு மட்டும் அவரிடம் கதை இருந்தது. அந்த ஒன்பதும் இப்போது பதுங்கறையில் இல்லை. அன்றாடச் சமையலில் இருக்கின்றன. மற்ற 29ஐயும் நாங்கள் வழக்கமாகப் போகும் கோயிலின் அன்னதானக் கூடத்துக்குக் கொடுத்தோம்.

இதே வேலையை நானும் என் தங்கையும் இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் சண்டையில் முடித்திருக்கிறோம். பிள்ளைகள் கேட்டால், தூக்கிப்போடத்தான் கேட்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தோன்றும். உறவினர் யாராவது உடன் இருந்தால், “இருக்கட்டும், யாருக்காவது ஆகும்” என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள். எந்தக் கதையும் தெரியாத ஓர் அந்நியரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததால்தான் எதற்குக் கதை இருக்கிறது, எதற்கு இல்லை என்பது அம்மாவுக்கே தெரிந்தது. நான் கொடுத்த 480 வெள்ளியில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்கே சரியாகிவிட்டது என்பேன். போகிக்கு முதல் நாள் ஆண்டுதோறும் நாங்கள் செய்யும் சுத்தத்தில் இது ஒருபோதும் நடந்ததில்லை. அடுக்குமாடி வீட்டில் எரிக்க இடமில்லாததால் எங்கள் போகி குப்பைக் குழாயோடு முடிந்துவிடும்.

இனி குறைகள். ஓராண்டாகத் தொடாத பொருளை விட்டுவிடலாம் என்பது அவர்களுடைய பொதுவிதி. கார்த்திகை விளக்குகளும் கொலுப் பொம்மைகளும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே வரும் என்பதை அந்த விதி அறியாது. இளையவர் விளக்குகளை ஒரு பெட்டியில் போட்டுக் காலணிகள் வைக்கும் தட்டுக்குக் கீழே தள்ளிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டுக்குள் நுழையும்போதே எந்தப் பொருளை எங்கே வைக்கக் கூடாது என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த கண்ணாடிநிறப் பிளாஸ்டிக் பெட்டிகளை, ஒன்று 14 வெள்ளி என்று விற்க முயன்றதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பதுங்கறையின் கதவைக் கழற்றவோ சுவரை உடைக்கவோ கூடாது என்பதை அறிந்து, தரையில் நிற்கும் அலமாரியையே பரிந்துரைத்தார்கள். அது சரியான ஆலோசனை. பழைய மெத்தையையும் மேசையையும் எடுத்துச் செல்வதற்கு மட்டும் 60 வெள்ளி கூடுதலாகக் கேட்டார்கள். பெரிய பொருள்கள் சிலவற்றைப் பல நகர மன்றங்கள் இலவசமாகவே வந்து எடுத்துக்கொள்கின்றன. எங்கள் நகர மன்றத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது மூன்றாம் நாள் வந்து எடுத்துச் சென்றார்கள்.

எனக்கு மனவருத்தம் தந்தது வேறு. ‘நன்கொடை’ என்று சீட்டு ஒட்டி அவர்கள் எடுத்துச் சென்ற ஐந்து பைகளில் இரண்டை, அன்று மாலை எங்கள் புளோக்கின் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். கேட்டபோது, கிழிந்த துணிகளையும் பக்கங்கள் எழுதி முடித்த பயிற்சி நூல்களையும் எந்த அறநிறுவனமும் ஏற்காது என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அதை அம்மாவின் முன்னால் சொல்லியிருக்கலாம். இங்கே மறுசுழற்சிக்குப் போகாத வீட்டுக் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் படகில் செமக்கா தீவுக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அங்குள்ள குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. தம்முடைய பழைய சேலையை யாரோ ஒரு பெண் உடுத்திக்கொள்வாள் என்று நம்பித்தான் அம்மா அதைக் கையிலிருந்து விட்டார். அந்த நம்பிக்கை பொய் என்றால் விட்டதே வேறாகிவிடுகிறது. நல்லவேளையாகச் சேலைகள் அந்த இரண்டு பைகளில் இல்லை. 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடப்படாமல் இருந்திருந்தால், அப்பாவின் பழுதான வானொலியைக்கூட அங்கே யாராவது வாங்கியிருப்பார்கள். இப்போது அதை மின்கழிவுத் தொட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். பழைய தமிழ் முரசு நாளிதழ்களை, வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் எடுத்துக்கொண்டார், அம்மா கத்தரித்து வைத்திருந்த மரண அறிவிப்புகள் நீங்கலாக.

அழைக்க நினைப்பவர்கள் மூன்றை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்: பொருள்கள் எங்கே போகின்றன, அகற்றுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா, பெட்டிகளை வாங்கித்தான் ஆக வேண்டுமா. தனியாக வாழ்பவருக்கு நான்கு மணி நேரம் போதும். எங்களைப் போன்ற கூட்டு வீட்டுக்குப் போதாது, சமையலறையின் மேல்தட்டுகளை அவர்கள் தொடவே இல்லை. அவற்றுக்கு அதே நிறுவனத்தை, அதே பெண் வருவார் என்ற உறுதியோடு மட்டும், மறுபடி அழைப்பேன். அப்பாவின் இரும்பு அலமாரிக்கு இப்போதைக்கு யாரையும் அழைக்கவில்லை. அதன் சாவி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.