அல்சூர் ஞாயிறு வகுப்பு: 1200 ரூபாய் கொடுத்துச் சுயநிர்ணய உரிமை படிக்கலாமா?

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடி ஹாலில் ஞாயிறு காலை தமிழிலேயே நடக்கும் அரசியல் வகுப்பைப் பற்றி ஆளாளுக்குக் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பல தேசிய இனங்கள் சேர்ந்திருக்கும் ஒன்றியங்களில் ஓர் இனம் தன் எதிர்காலத்தைத் தானே முடிவு செய்ய முடிகிறதா, எங்கே முடிந்தது, எங்கே தடுத்தார்கள் என்பதுதான் பாடம். மாதம் 1200 ரூபாய், இடைவேளைக் காபியும் சுண்டலும் அதிலேயே அடக்கம். தாராளமாகப் போகலாம். ஆனால் இந்தியாவைப் பற்றிய கடைசி வகுப்பில் எனக்குப் பெரிய குறை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்காட்லாந்து. 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பில் தனிநாடு வேண்டாம் என்றவர்கள் 55.3 விழுக்காடு, வேண்டும் என்றவர்கள் 44.7. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது என்பதிலேயே வகுப்பெடுக்கும் சார் வெகுநேரம் நின்றார். எடின்பரோவில் பிறந்து லண்டனில் குடியேறியவருக்கு ஓட்டு இல்லை. கிளாஸ்கோவில் குடியிருந்த போலந்துக்காரருக்கு உண்டு, காமன்வெல்த் குடிமக்கள் என்ற கணக்கில் அங்கே முறையாக வசித்த நம் இந்தியர்களுக்கும் உண்டு, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு. பிறப்பு, ரத்தம் எதையும் பார்க்காமல், அங்கே வாழ்கிறவர்கள் சேர்ந்து முடிவெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பெங்களூரிலேயே பிறந்து, ரேஷன் கார்டு முதல் வாக்காளர் அட்டை வரை இந்த ஊர் முகவரியில் வைத்துக்கொண்டு, வீட்டில் தமிழ் பேசும் எங்களுக்கு இது சாதாரணத் தகவல் கிடையாது. ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவே இல்லை.

அப்புறம் 1979 கதை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் ஆம் என்றவர்கள் 51.6 விழுக்காடு. ஆனாலும் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காடாவது ஆம் சொல்லியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டிருந்ததால் கிடைக்கவில்லை. ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவனும் எதிர்ப்பாளன் கணக்கில் போய்விட்டான். 1997இல் 74.3 விழுக்காடு ஆதரவோடு கேட்டு வாங்கி, 1999இல் நாடாளுமன்றம் கூடியது. 2022 நவம்பரில் லண்டன் உச்ச நீதிமன்றம், வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் இன்னொரு வாக்கெடுப்புக்கு ஸ்காட்லாந்து தானாகச் சட்டம் போட முடியாது என்று சொல்லிவிட்டது. சேரும்போது ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த நாடு, பிரியலாமா என்று தன் மக்களைக் கேட்பதற்கே அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. கேட்கவே கஷ்டமாக இருந்தது.

இந்த மாதத்திலேயே சிறந்த வகுப்பு, கனடாவில் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக் பற்றியதுதான். 1995 அக்டோபர் 30 வாக்கெடுப்பின் கேள்வியையும் ஸ்காட்லாந்துக் கேள்வியையும் ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்து கேட்டது ஒரே வரி, தனிநாடாக வேண்டுமா என்று. கியூபெக் கேட்டது, கனடாவுக்குப் புதுக் கூட்டுறவு ஒன்றை முறைப்படி முன்வைத்த பிறகு, இன்ன மசோதாவின்படியும் அந்த ஆண்டு ஜூன் 12 ஒப்பந்தத்தின்படியும் இறையாண்மை பெறச் சம்மதமா என்று நீண்டுகொண்டே போனது. 54,288 ஓட்டு வித்தியாசத்தில் தனிநாட்டுப் பக்கம் தோற்றது. கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்ன தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது: தன்னிச்சையாகப் பிரிய உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை பதில் சொன்னால் கனடா உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். ஒன்றியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கடமை.

அப்போது மர்ஃபி டவுன் பெரியவர் ஒருவர் எழுந்தார். "அது சரி சார், கியூபெக் தனியாப் போயிடுச்சுன்னு வைங்க, அதுக்குள்ள இருக்கிற சின்னக் கூட்டம் எங்க போகும்?"

"நல்ல கேள்வி ஐயா, அதுக்குத்தான் இதைக் கொண்டுவந்தேன்" என்று சார் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய கிரீ பழங்குடிகளின் ஊர்களைப் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். 1970களில் அவர்களைக் கேட்காமலே அவர்கள் ஆறுகளில் அணை கட்டக் கியூபெக் அரசு வந்தது, கிரீ மக்கள் வழக்குப் போட்டுப் போராடி 1975இல் ஒப்பந்தம் வாங்கினார்கள். 1995இல் கியூபெக் வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்னால் கிரீ மக்கள் தாங்களே தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, எங்களைக் கேட்காமல் எங்களையும் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரிக்கக் கூடாது என்று 96 விழுக்காட்டுக்கும் மேல் சொன்னார்கள். சுயநிர்ணயம் கேட்பவன் தனக்குள் இருக்கும் சிறுபான்மைக்கு அதே உரிமையைத் தருகிறானா என்பதுதான் உண்மையான சோதனை. இந்த ஒரு வகுப்புக்கே 1200 ரூபாய் தகும்.

ஸ்பெயினின் கேட்டலோனியா, சோவியத், எத்தியோப்பியா மூன்றையும் ஒரே காலையில் அடைத்துவிட்டார்கள். எத்தியோப்பிய அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு பிரிந்து போகும் உரிமையையே எழுத்தில் கொடுக்கிறது என்பது மட்டும் மனதில் நின்றது.

இனி குறை. இந்திய வகுப்பு 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டுப் பேசியதில் தொடங்கி, பிரிவினைப் பேச்சுக்குத் தடை போட வழி செய்த 1963இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மத்திய, மாநில உறவை ஆராய்ந்து 1971இல் வந்த ராஜமன்னார் குழு அறிக்கை, மாநில சுயாட்சி கேட்ட 1974 தமிழ்நாடு சட்டமன்றத் தீர்மானம், மாநில உரிமைகளை ஆராயத் தமிழ்நாடு அரசு 2025இல் அமைத்த குரியன் ஜோசப் குழு என்று ஓடியது. நன்றாகத்தான் சொன்னார். மாநில எல்லையை மாற்ற அரசியலமைப்பின் 3ஆவது பிரிவின்படி அந்த மாநிலத்தின் கருத்தைக் கேட்டாலே போதும், சம்மதம் தேவையில்லை என்பதையும், 2014இல் ஆந்திர சட்டமன்றம் நிராகரித்த பிறகும் தெலங்கானா மசோதா நிறைவேறியதையும் அழகாக விளக்கினார். ஆனால் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கர்நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசாமல் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

1983இல் ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வராக இருந்தபோது தென்மாநில முதல்வர்கள் கூடியது இதே ஊரில்தான், அதே ஆண்டில்தான் மத்திய, மாநில உறவை ஆராயச் சர்க்காரியா ஆணையம் வந்தது. 1976லும் 1991லும் தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்தது போல இனி நினைத்தபடி கலைக்க முடியாமல் மத்திய அரசின் கையைக் கட்டியது 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கைத் தொடுத்த எஸ்.ஆர். பொம்மை கர்நாடக முதல்வராக இருந்தவர். மாநில உரிமையில் நாம் அனுபவிப்பதில் பாதி கன்னடர்கள் போராடி வாங்கியது. 2018இல் இவர்கள் தங்களுக்கென்று ஒரு கொடியை வடிவமைத்து மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பினார்களே, அதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்?

அதோடு, இந்த ஊர்த் தமிழர்கள் அந்த கிரீ மக்களின் இடத்தில்தானே இருக்கிறோம்? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் அடிபட்ட குடும்பத்து ஆட்கள் அந்த ஹாலிலேயே இருந்தார்கள். அந்த வருடம் திறக்க விடாமல் மூடிய வள்ளுவர் சிலை இதே அல்சூரில் 2009 ஆகஸ்டில்தான் திறந்தது, அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரச் சொல்லும் அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956இலேயே வந்தது. தமிழ்நாட்டுக்குத் தன்னாட்சி கேட்கும் அதே வாயால், கர்நாடகத்துக்கும் அதைக் கேட்க வேண்டும், ஓசூரில் கன்னடம் படிக்கும் குழந்தைக்கும் இங்கே தமிழ் படிக்கும் குழந்தைக்கும் 350ஏ கேட்க வேண்டும். சாரிடம் இதை நேராகவே சொன்னேன்.

மற்றபடி, ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம், வண்டி நிறுத்த இடம் கிடையாது. பின் வரிசைக்கு மைக் சரியாகக் கேட்காது, சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள். ஜெராக்ஸ் எழுத்து பொடி, பெரியவர்கள் திணறுகிறார்கள். அடுத்த பேட்ச்சில் இந்திய வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குக் கன்னடம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்கள். கூப்பிட்டால் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் திரும்பப் பணம் கட்டிப் போவேன், என் கன்னட நண்பர்களையும் அழைத்துக்கொண்டு.