மூணு பவுன் பறவையும் கோடியக்கரை முகாமும்

கும்பகோணத்தில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பறவை என்றால் எனக்குக் காக்கா, மைனா, கோபுரத்துப் புறா, அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன், பிள்ளைகளுக்கான பறவை பார்க்கும் முகாமுக்குப் போயே தீருவேன் என்று ஒரு மாதமாக அடம்பிடித்தான். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவுக்கு அதிகாலையில் எழுவதே ஆகாது. "மூணு நாள்தானேடி, நீ கூடப் போயிட்டு வந்துடேன்" என்றாள் அக்கா. அப்படித்தான் போன டிசம்பர் 27ஆம் தேதி, அரைப் பரீட்சை லீவில், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய் இறங்கினோம்.

முகாம் கோடியக்கரையில். தங்குவது வேதாரண்யத்தில் ஒரு விடுதி. பத்து வயதிலிருந்து பதினாறு வரை 28 பிள்ளைகள். ஆளுக்கு 4,500 ரூபாய். சாப்பாடு, தங்குமிடம், வேன் எல்லாம் அதில் அடக்கம். துணைக்கு வரும் பெரியவர்களுக்கு 2,000. நடத்தியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன், ஊரெல்லாம் சொல்லித் திரிய விருப்பமில்லை. ஆனால் இந்த மாதிரி முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும்.

முதல் குறை முதல் நாளே. 28 பிள்ளைகளுக்கு 9 பைனாகுலர். "முறை வைத்துப் பார்க்கலாம்" என்றார்கள். முறை வரும்வரை பறவை காத்திருக்குமா?

அன்று மதியம் பைனாகுலர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் தென்னை மரத்து உச்சியைப் பார்த்து "தெரியுது, தெரியுது" என்று கத்தினார்கள். எங்கள் பையன் மட்டும் பேசவில்லை. அவன் கண்ணாடி போட்டவன். கேட்டதற்கு, "ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு சித்தி, நடுவுல சின்னதா ஓட்டை மாதிரி தெரியுது" என்றான். சொல்லிக்கொடுத்தவருக்கு அவனைக் கவனிக்க நேரமில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், உள்ளூர்க்காரர். பைனாகுலரை வாங்கி, கண் வைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கினார். "கண்ணாடி போட்டவங்க இதை இறக்கி வச்சுப் பாக்கணும் தம்பி. போடாதவங்க ஏத்தி வச்சுக்கணும்." அப்புறம் இடது கண்ணுக்கு நடுச்சக்கரம், வலது கண்ணுக்கு அந்தப் பக்கத்து வளையம் என்று தனித்தனியாகச் சரிசெய்து கொடுத்தார். பையன் வைத்துப் பார்த்தான். ஐந்து நிமிஷம் கீழே இறக்கவில்லை. தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்தது வெறும் கரிச்சான். அதற்கே அப்படி.

எனக்கும் ஒன்று சொன்னார். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரே பிள்ளைகளுக்குப் போதும், பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும் என்று. மேலே 8x42 என்று எழுதியிருந்தால், 8 என்பது பெரிதாக்கும் அளவு, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். கடையில் கல் பார்க்கும் லென்ஸையே பல வருஷம் புரட்டியவள் நான்; இது சட்டென்று பிடிபட்டது.

இந்தப் பெரியவர்தான் முகாம். மற்றதெல்லாம் ஏற்பாடு.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. அகஸ்தியம்பள்ளி வழியாகத்தான் போகவேண்டும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய இடம், நினைவுத்தூண் இருக்கிறது. பாதிப் பிள்ளைகளுக்கு அது பாடத்தில் வருகிறது. ஆனால் வேன் நிற்கவில்லை. "டைம் இல்லை" என்றார் ஒருங்கிணைப்பாளர். பத்து நிமிஷம் நின்றிருந்தால் பறவை ஒன்றும் கோபித்துக்கொண்டிருக்காது.

உப்பளத்து வரப்பில் இறங்கினோம். மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர். உப்பு வாரும் வேலை மழை ஓய்ந்த பிறகுதானாம். கறுப்புக் களிமண் செருப்பைப் பிடித்து இழுத்தது. ரப்பர் செருப்போடு வந்த மூன்று பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். 'என்னென்ன கொண்டுவர வேண்டும்' என்று அனுப்பிய பட்டியலில் தொப்பி இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது, பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு என்று ஒரு வரி இல்லை.

பெரியவர் ஒரே ஒரு கட்டளை போட்டார். ஒரு மணி நேரத்துக்கு யாரும் பேர் கேட்கக் கூடாது, புத்தகத்தைத் திறக்கக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. நோட்டில் வரையவேண்டும். அலகு நீளமா குட்டையா, கால் என்ன நிறம், அது என்ன செய்கிறது. அவ்வளவுதான். பிள்ளைகள் முதலில் முனகினார்கள். பதினைந்து நிமிஷத்தில் சத்தம் அடங்கியது.

சேற்றில் குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கில் பறவைகள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. பையன் நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'ஒண்ணு ஓடும், நிற்கும், குனியும். இன்னொண்ணு நிக்காமக் குத்திக்கிட்டே போகும், தையல் மெஷின் மாதிரி.' பெரியவர் அதை வாங்கி எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். "பேர் தெரியாமலே ரெண்டு சாதியைப் பிரிச்சுட்டான் பாருங்க." ஓடி நின்று குனிவது உப்புக்கொத்தி. கண்ணால் இரையைத் தேடுகிறது, அதனால் நின்று நின்று பார்க்கவேண்டும். நிற்காமல் குத்துவது கொசு உள்ளான். சேற்றின் மேல்பரப்பை அலகு நுனியால் விடாமல் கொத்திக் கொத்தியே இரையை எடுத்துவிடும். உப்புக்கொத்தி என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. காலடியில் இருந்தது.

அப்புறம் வரப்பின் மேலேயே ஒரு விளையாட்டு. பாதிப் பேர் உப்புக்கொத்தியாக ஓடி நிற்கவேண்டும், பாதிப் பேர் கொசு உள்ளானாகக் குத்திக்கொண்டே போகவேண்டும். பதினாறு வயதுப் பையன்கள்கூட வெட்கப்படாமல் குனிந்து குனிந்து போனார்கள்.

வெயில் ஏறியதும் நிழலில் உட்காரவைத்து, சட்டைப்பையிலிருந்து சின்ன அலுமினிய வளையம் ஒன்றை எடுத்தார். வயசுக் காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையமிடும் முகாம்களில் கையாளாக வேலை பார்த்தவராம். கோடியக்கரையில் அவர்கள் பல பத்தாண்டுகள் செய்த வேலை அது. பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் வந்து போன இடம். வளையத்தில் எண்ணும், கண்டெடுத்தால் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு வாசகமும் பொடி எழுத்தில் இருந்தன. பறவையைப் பிடிப்பது, காலில் மாட்டுவது, எடை போடுவது, விடுவது. வேறெங்காவது யாராவது கண்டால் அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும்.

"கொசு உள்ளான் எவ்வளவு எடை இருக்கும், சொல்லுங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் கால் கிலோ, நூறு கிராம் என்றெல்லாம் சொன்னார்கள். "இருபத்து நாலு கிராம், கூடக்குறைய" என்றார்.

என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "மூணு பவுன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூணு பவுன் சங்கிலி கையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கையில் சுருட்டினால் இருப்பதே தெரியாது. அந்த எடையில் எலும்பு, இறக்கை, கண், குடல் எல்லாம் இருக்கிறது. அது சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு, குளிருக்கு இங்கே வந்து, கோடையில் திரும்பிப் போகிறது. அதற்குப் பிறகு பைனாகுலருக்கான வரிசையில் நானும் நின்றேன்.

பத்து மணி வாக்கில் பூநாரைகள். வரப்பிலிருந்து தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தன. முக்காலியில் வைத்த பெரிய தொலைநோக்கியில் பார்த்தால் ரோஜா நிறம், நடுவே சாம்பல் நிறத்தில் சில. சாம்பல் நிறத்தவை இன்னும் முழுசாக வளராத இளம் பறவைகள். சாப்பாட்டில் இருக்கும் நிறமிதான் சிவப்பாக ஏறுகிறது, அதற்குச் சில வருஷம் ஆகும் என்றார் பெரியவர். தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகுக்குள் இருக்கும் சல்லடையில் இரை தங்கிவிடுகிறது. அரிசி களைவது போலத்தான்.

அங்கேதான் அந்த வேலை நடந்தது. முகாமின் இளைஞர் ஒருவர், விளம்பர வீடியோ எடுக்கிறேன் என்று நாலைந்து பிள்ளைகளை வரப்பு நுனிவரை ஓடவிட்டு, கைதட்டச் சொன்னார். கூட்டம் மொத்தமும் எழும்பியது. இறக்கைக்கு உள்பக்கம் சிவப்பும் கறுப்புமாக, பார்க்க அழகுதான், அதை மறுக்கமாட்டேன். பிள்ளைகள் "வாவ்" என்றார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தொலைநோக்கியை மூடிவிட்டார். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் அந்த இளைஞரிடம் போய், "அண்ணா, காலைல நீங்கதானே தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. அவை தின்று கொழுப்புச் சேர்க்க வந்த இடம் இது. வீணாக ஒருமுறை எழும்புவதும் அந்தச் சேமிப்பிலிருந்து செலவுதான். கணக்கு எழுதுகிறவளுக்கு இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. அன்று மதியமே ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார், அந்த வீடியோவையும் அழித்தார்கள். அந்த மட்டும் மரியாதை உண்டு.

மாலையில் ஒன்றரை மணி நேரம் படம் போட்டுப் பேசினார்கள், முழுக்க ஆங்கிலத்தில். வந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் தமிழ்வழிப் பள்ளி. கோடியக்கரை 1967இல் சரணாலயமானது, 2002இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, 2022இல் மற்றவை அறிவிக்கப்படும்வரை தமிழ்நாட்டில் அது ஒன்றுதான் ராம்சார் இடம் என்பது போன்ற நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னார்குடிப் பையன் என் தோளில் தூங்கிவிட்டான். அன்று காலையில் உப்புக்கொத்தியாக ஓடியவன்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: இட்லி நன்றாக இருந்தது, மீன் குழம்பு மிக நன்றாக இருந்தது, ராத்திரிச் சாப்பாடு இரண்டு நாளும் ஒன்பதேகாலுக்குத்தான் வந்தது. பதினொரு பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறை. காலை ஐந்தரைக்குக் கிளம்பவேண்டுமென்றால் நாலு மணிக்கே வரிசை. இதில் எனக்குச் சமாதானமே இல்லை.

மூன்றாம் நாள் கோடியக்காடு. பாலை மரங்கள் நெருக்கமாக நிற்கும் உலர்ந்த காடு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்டதைப் பற்றி வேன் ஓட்டுநர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். புல்வெளியில் வெளிமான்கள். முறுக்கிய கொம்போடு ஆண்மான் ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றது. கொஞ்சம் தள்ளி மட்டக்குதிரைகள். யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகளாம். ராமர் பாதத்து மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தோம். சுனாமியில் விழுந்த சோழர்காலக் கலங்கரை விளக்கத்தைப் பற்றியும் கேள்விப்பட்டோம்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பேர். ஒன்பது நிறம் இருக்கும் என்று பெரியவர் ஆசை காட்டினார். நாங்கள் ஒரு நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை. புதருக்குள்ளிருந்து இரண்டு தரம் சீட்டி அடித்தது, அவ்வளவுதான். நோட்டில் 'காதால் பார்த்தது' என்று எழுதிக்கொண்டான் எங்கள் பையன்.

அன்று மதியம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுப் பயணம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். மழையால் ரத்து. மழைக்கு யாரும் பொறுப்பில்லை, சரி. ஆனால் காலையிலேயே தெரிந்ததைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்கள். படகுக்கான பணம் கழித்துத் தரப்படுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காசுக்குத் தகுமா என்று அக்கா கேட்டாள். தகும் என்றேன், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேட்டுக்கொள்: எத்தனை பைனாகுலர், எத்தனை கழிப்பறை, எந்த மொழியில் பேசுவீர்கள், கூட வரும் உள்ளூர்க்காரர் யார். கடைசிக் கேள்விக்கு உருப்படியான பதில் வந்தால் மற்ற மூன்றையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். பத்து வயதுக்கும் கீழே இருக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம். சேற்றில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கும் பொறுமை அந்த வயதில் வராது.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் மொட்டைமாடியில் பதினைந்து நிமிஷம் நின்று எண்ணினான். காக்கை 14, மைனா 6, பஞ்சுருட்டான் 3, செம்பருந்து 1. எழுதுவதற்கு என்னை உட்காரவைத்தான். கணக்கு எழுதுகிறவள் வேறு யார் இருக்கிறார்கள்? இப்போது 8x42 பைனாகுலர் வேண்டுமாம். பாதிப் பணம் நான் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். வரும் டிசம்பர் முகாமுக்குத் துணை என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே என் பேரைக் கொடுத்துவிட்டான்.

இந்த முறை கழிப்பறை எத்தனை என்று கேட்டு நானும் ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை.