திருப்பூரில் ‘ங்க’ யாருக்கு?

நான்கு வருடம் கழித்து இந்தப் பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போக முடிந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, வங்கியில் கேஒய்சி, வீட்டில் பாத்ரூம் டைல்ஸ் மாற்றுவது என்று மூன்று வாரத்துக்கும் வேலை வரிசை கட்டி நின்றது. ஒன்றுவிடாமல் எல்லாம் முடிந்தது. முடித்துக் கொடுத்த கைகளில் பாதி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கைகள்.

பொங்கல் வாரத்தில் திருப்பூர் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் பஸ் ஏறிவிட்டால் தெருவே வெறிச்சோடிவிடும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த நாட்களில் ஒரு டீ குடிக்க ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இந்த முறை மாட்டுப்பொங்கல் அன்று காலை ஆறு மணிக்கே எங்கள் தெருமுனை பேக்கரி திறந்திருந்தது. சலூனும் திறந்திருந்தது. இரண்டிலும் வெளிமாநிலப் பையன்கள்தான். டைல்ஸ் போட வந்தவர்கள் ஜார்க்கண்ட்காரர்கள், தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி மூன்று வருடமாகிறதாம். சொன்ன நாளில் வந்தார்கள். மூலையில் ஒரு கல் அரை விரல் அகலம் ஏறி நின்றதை அவர்களே பார்த்து, நான் சொல்லாமலேயே பெயர்த்துத் திரும்பப் பதித்தார்கள்.

டவுன் பஸ்ஸில் ஒரு ஒடியா அம்மா, பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்திருந்தார். மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண் கண்டக்டரிடம், “அண்ணா, எங்கம்மாளுக்குத் தமிழ் தெரியாதுங், ஸ்டாப் வந்தா சொல்லுங்” என்றாள். அசல் கொங்குத் தமிழ். காலையில் பள்ளியில் சாப்பிட்ட உப்புமாவைப் பற்றியும் என்னிடம் சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தக் குழந்தையின் வாயில் வந்த ‘ங்’ பற்றித்தான் எழுத வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு மரியாதைதான் அடையாளம். தொட்டில் குழந்தையைக்கூட “வாங்க சாமி, என்ன வேணுங்” என்று கொஞ்சுகிற ஊர் இது. அதே ஊரில் ஐம்பது வயது ஒடிசாக்காரரை இருபது வயதுப் பையன் “டேய், இங்க வாடா” என்று கூப்பிடுகிறான். மூன்று வாரத்தில் பேக்கரி, ஒர்க்‌ஷாப், பெட்ரோல் பங்க், மருத்துவமனை என்று போன இடமெல்லாம் அதையே கேட்டேன். பெயர் கேட்பவர் இல்லை. எல்லாருக்கும் ஒரே பெயர், ‘வடக்கன்’.

அம்மாவைக் காட்டிவிட்டு மருந்துக்காக ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம், எங்கும் நடப்பதுதான். இருபது வயது இருக்கும் ஒரு பையன், ஆள்காட்டி விரலில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு வாசல் ஓரமாக நின்றான். துணி நனைந்து சிவந்திருந்தது. ஓவர்லாக் தையல் மெஷினின் ஊசி நகத்தில் இறங்கியிருக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் அந்த வலி தெரியும். வாட்ச்மேன் “டேய், தள்ளி நில்லு” என்று ஓரம் கட்டியிருந்தார். கையில் இருந்த டோக்கன் 41. உள்ளே 46-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் எண்ணைத் தமிழில் கூப்பிட்டது அவனுக்குப் புரியவே இல்லை.

துபாயில் இருபது வருடம் இருந்ததில் எனக்கு இந்தி வந்துவிட்டது. உள்ளே அழைத்துப் போனேன். சிஸ்டர், ஊசி முனை உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்று கேட்டார். தலையாட்டினான். ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்றார். அதற்கும் தலையாட்டினான். நான் இந்தியில் கேட்டபிறகுதான், பாதி ஊசி உடைந்து உள்ளேயே நிற்கிறது என்பதும், மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. உடனே எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார்கள். சிஸ்டர் என்னிடம் சொன்னார்: “எதைக் கேட்டாலும் மண்டையை ஆட்டறாங்கண்ணா. தப்பா ஊசி போட்டு ஒண்ணு ஆயிட்டா நாங்கதானுங்க மாட்டுவோம்?” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று பேர் பார்க்கிற வேலையை அன்று அவர் ஒருத்தர் பார்த்தார்.

ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். “இந்த வடக்கனுங்க வந்ததுல இருந்தே ஊரு கெட்டுப்போச்சு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா 1984-ல் அருப்புக்கோட்டையிலிருந்து கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு, திருப்பூர் வந்தவர். முதல் மாதம் வீடு தேடி அலைந்ததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். “எந்த ஊருங்க? தெக்கத்திக்காரங்களுக்கு நாங்க வீடு தர்றதில்லீங்க” என்று நாலு வீட்டில் அனுப்பிவிட்டார்களாம். அப்போது ‘இல்லை’ என்ற பதிலாவது ‘ங்க’ போட்டு வந்தது. இன்று அப்பா கட்டியிருக்கும் லைன் வீட்டில் ஒரு ரூமுக்கு ஆறு ஒடிசாப் பையன்கள், தலைக்கு 1,500 ரூபாய். வாடகையை ‘டேய்’ போட்டுத்தான் கேட்கிறார். நான் சத்தமாகவே பேசிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமா சின்னதாக, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கம்பெனி வைத்திருக்கிறார், 40 மெஷின். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தத் துணியில் பெரும்பங்கு இவரைப் போன்றவர்களின் ஷெட்டில்தான் தைக்கப்படுகிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அந்த வாரம் மாமா கம்பெனியில் பாதி மெஷின் நின்றுவிட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. “மாப்ள, அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சது. இவங்க இல்லேன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்” என்றார். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் குறைந்தபோது, முதலில் ஊருக்கு அனுப்பியதும் அவர்களைத்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சித்தப்பா மகள் பேட்லாக் (flatlock) மெஷினில் தைக்கும் டெய்லர். “ரேட்டு ஏத்திக் கேட்டா, வெளிய பத்துப் பேரு நிக்கிறான்னு சொல்றாங்கண்ணே. ஒன்றரை ஷிப்ட் பார்த்தும் பத்தல. நான் யாரு மேல கோவப்படுறது?” என்று கேட்டாள். அவளுடைய கோபத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ரேட்டை அமுக்குகிறவர் காண்ட்ராக்டர், பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் பையன் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் மற்றவர்களுக்குக் குறையாமல் கூலி தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தால் அவளுக்கும் ரேட்டு இறங்கியிருக்காது. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டிய கூலி இது என்று அவளிடம் சொன்னேன். சரிண்ணே என்றாள், முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஆள் வருவது நிற்கப்போவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3. நம் வீட்டுப் பிள்ளைகள் இஞ்சினியரிங் படித்துவிட்டு என்னைப் போல விமானம் ஏறுகிறார்கள். மெஷின் முன்னால் யாராவது உட்கார வேண்டுமே.

நான் துபாய் போன புதிதில் அரபி ஒரு வார்த்தை தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. பிற்பாடு அங்கே ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்று வந்தது. திரையில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் நான் பட்ட அவமானங்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு திரை, நீயும் இங்கே இருக்கிற ஆள்தான் என்று சொன்னது. திருப்பூரில் ஒரு டோக்கன் பலகையில் எண் எரிந்தால் போதும், அதற்கு மொழியே வேண்டாம். மருத்துவமனையில் இந்தி, ஒடியா, வங்காளி தெரிந்த ஓர் ஆள் இருந்தால் அது இந்தித் திணிப்பு ஆகாது, வைத்தியம். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதும் நம் வேலைதான். கேரளம் 2017-லேயே ‘சங்ஙாதி’ என்று திட்டம் போட்டு, வந்தவர்களுக்கு மலையாளம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது.

கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மாவின் கண்கட்டுக்காக மறுபடியும் அதே மருத்துவமனைக்குப் போனேன். ஒரு தாளில் இருபது கேள்விகளைத் தமிழிலும், பக்கத்திலேயே இந்தி உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, முன்பு இந்த மருந்து சாப்பிட்டிருக்கிறாயா, இந்த மாதிரி. சிஸ்டர் வாங்கி, உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். அப்புறம் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“எல்லாம் சரிங்ணா. ‘வாங்க, உட்காருங்க’ன்னு எப்படிச் சொல்றது? அதை மேல முதல்ல எழுதிக் குடுங்க.”

‘ஆயியே, பைட்டியே’ என்று தாளின் உச்சியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.