வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய பேட்டரி

செங்கல்பட்டில் பத்திரம் எழுதுவது என் தொழில். ஒரு மனை விலைக்கு வருகிறது என்றால் மூலப்பத்திரம் எங்கே, முப்பது வருட வில்லங்கம் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் முதல் வரியைத் தட்டுவேன். அப்படிப்பட்ட நான், தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு 2,600 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மடிக்கணினி 2017இல் வாங்கியது. அடியில் இரண்டு தாழ்ப்பாள்களைத் தள்ளினால் பேட்டரி தனியே கழன்று வரும் பழைய வகை. ஆறு வருடமாக மேசையை விட்டு நகர்ந்ததில்லை. சார்ஜர் சொருகியபடியே, நூறு சதவீதத்திலேயே, தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. லித்தியம் பேட்டரிக்கு ஆகாத இரண்டு விஷயங்கள் வெயிலும் எப்போதும் முழுச் சார்ஜில் இருப்பதும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் இரண்டையும் சேர்த்தே ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

அதனால் பேட்டரி தளர்ந்துபோனதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. புதிதில் நான்கு மணி நேரம் தாங்கியது ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் 2 மணிக்குத்தான் வருகிறது. பதிவுக்கு டோக்கன் போட்ட நேரம் நெருங்கும். விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நான்கெல்லை தட்டிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போகும். இரண்டு முறை அப்படி ஆனதும் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

எழும்பூரில் இறங்கி ரிச்சி தெரு. அங்கே நாணயமான கடைகள் நிறைய உண்டு. முன்பு நானே பிரிண்டருக்கு மை, விசைப்பலகை எல்லாம் வாங்கியிருக்கிறேன். அதனால் தெருவைச் சொல்கிறேன், கடையைச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் நுழைந்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த, ஆள் ஒருவரே நிற்கக்கூடிய கடை.

“சார், கம்பெனி ஒரிஜினல் 4,500. இதுவும் ஒரிஜினல்தான், பெட்டி மட்டும் இல்லை, அதனால் 2,900. பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டால் 300 கழித்துக்கொள்கிறேன். ஆறு மாத வாரண்டி.”

பெட்டி மட்டும் இல்லையாம். மூலப்பத்திரம் மட்டும் இல்லை, மற்றபடி நல்ல மனை என்று ஒருவன் என்னிடம் சொல்லியிருந்தால் அவனை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

நம்ப வைப்பதற்கு அந்தத் தம்பி இரண்டு வேலைகள் செய்தான். முதலில் மல்ட்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியின் முனைகளில் வைத்தான். 16.7 வோல்ட் காட்டியது. “நான்கு செல், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட். முழு பலத்தில் இருக்கிறது, பாருங்கள்” என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வோல்ட்டேஜ் என்பது தண்ணீர் நிற்கும் மட்டம் மாதிரி. தூர்ந்துபோன ஏரியிலும் மழைக்காலத்தில் கலங்கல் வரை தண்ணீர் நிற்கும். கரையில் நின்று பார்த்தால் நிறைந்த ஏரிதான். உள்ளே இறங்கினால் முழங்கால் அளவு. தேய்ந்த செல்லும் சார்ஜ் ஏற்றினால் 4.2 வோல்ட்டைத் தொட்டுவிடும். எவ்வளவு நேரம் கொடுக்கும் என்பது வேறு கதை. ஏரி மாவட்டத்துக்காரனுக்கு இது அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை இன்னும் நேர்த்தி. என் கணினியிலேயே விண்டோஸின் கருப்புத் திரையைத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று தட்டினான். ஓர் அறிக்கை வந்தது. முதலில் என் பழைய பேட்டரிக்கு: வடிவமைத்த கொள்ளளவு 41,440 மில்லிவாட் மணி, இப்போது நிறையும் கொள்ளளவு 15,200. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். பிறகு அவனுடைய பேட்டரியை மாட்டி அதையே ஓட்டினான். வடிவமைத்தது 41,440. நிறைவது 41,440. சார்ஜ் ஏறி இறங்கிய சுற்றுகள் பூஜ்யம்.

கடைக்காரன் வாயால் சொன்னதை நான் நம்பவில்லை. என் கணினி சொன்னதை நம்பினேன். அங்கேதான் விழுந்தேன்.

பேட்டரிக்குள் கணக்கு எழுதும் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது, எத்தனை சுற்று என்றெல்லாம் அதுதான் பதிந்து வைக்கிறது. விண்டோஸ் செல்லை நேரே அளப்பதில்லை. அந்தச் சிப் சொல்வதை வாங்கி அச்சடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கை அழித்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்கும் கருவிகள் இருக்கின்றன. பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்துவிட்டு ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று கொடுப்பதைப் போல. புதுப் பேட்டரியில் வடிவமைத்த எண்ணும் நிறையும் எண்ணும் பெரும்பாலும் சில நூறாவது முன்பின்னாக இருக்கும் என்று என் தங்கை மகன் பிறகு சொன்னான். கடைசி இலக்கம் வரை இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கேயே நிற்க வேண்டுமாம்.

அடுத்த மின்தடை நாளில் 9 மணிக்கு நூறு சதவீதத்தோடு உட்கார்ந்தேன். 10 மணி 10 நிமிடத்துக்கு, மூலையில் 71 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த கணினி மூச்சுக்காட்டாமல் அணைந்தது. எச்சரிக்கை ஒலி இல்லை, குறைந்த சார்ஜ் அறிவிப்பு இல்லை. பழைய பேட்டரியாவது ஒன்றரை மணி நேரம் உழைத்தது, போகும் முன் சொல்லிவிட்டும் போனது. 2,600 ரூபாய் கொடுத்து அதைவிட மோசமான ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன்.

“மாமா, சதவீதத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்” என்று தங்கை மகன் ஒரு வழி சொன்னான். நான் செய்யும் தட்டச்சு வேலைக்கு மணிக்குச் சுமார் 10 வாட் மணி செலவாகும். 41 வாட் மணி உண்மையாக உள்ளே இருந்தால் நான்கு மணி நேரம் ஓடியாக வேண்டும். ஒரு மணி 10 நிமிடம் என்றால் உள்ளே இருப்பது 12கூட இல்லை. நான்கைந்து முறை முழுவதும் ஏற்றி முழுவதும் இறக்கச் சொன்னான். சிப் மெல்ல மெல்ல உண்மையைக் கற்றுக்கொண்டது. அறிக்கையின் கீழ்ப்பகுதியில் வாரவாரியாகக் கொள்ளளவு வரலாறு ஒன்று வரும். முதல் வாரம் 41,440, அடுத்த வாரம் 27,010, மூன்றாம் வாரம் 12,100. பொய்ச்சாட்சி குறுக்கு விசாரணையில் உளறுவதை அப்படியே அட்டவணையாகப் பார்த்தேன்.

அதற்குள் பேட்டரி கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாகத் தொடங்கியிருந்தது. அந்தச் சூட்டில் அடியில் இருந்த ஸ்டிக்கரின் மூலை எழும்பியது. நகத்தால் நெம்பினேன், சோற்றுப் பசை காய்ந்தது போல முழுதாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர், மங்கலாக, தயாரித்த வருடம் 2016 என்று. அதன் மேல் கருப்பு மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் 27 என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஏதாவது கணினி வகுப்பறையாக இருக்கலாம்; வரிசையாக எண் போட்டு வைத்திருப்பார்கள். என் மடிக்கணினியைவிட ஒரு வயது மூத்தது எனக்குப் புதுப் பேட்டரியாக வந்திருக்கிறது.

மேல் ஸ்டிக்கரில் இந்தியத் தர நிர்ணயப் பதிவெண்ணும் இருந்தது. ‘ஆர்’ எழுத்தும் எட்டு இலக்கங்களும். லித்தியம் பேட்டரிக்கு அந்தப் பதிவு கட்டாயம் என்பதால் அச்சடித்துவிட்டிருக்கிறார்கள். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அது பேட்டரியே இல்லை, ஏதோ ஒரு சார்ஜருக்குக் கொடுத்த எண். கடையிலேயே நின்று அரை நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

திரும்பப் போனேன். அதே தம்பிதான். முதலில் “சார்ஜர் சரியில்லை, 900 ரூபாய்க்கு நல்லது இருக்கிறது” என்றான். என் சார்ஜர் சரியாக இருப்பதைக் காட்டியதும் “அப்படியானால் மதர்போர்டைப் பார்க்க வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள்” என்றான். பிறகு ஸ்டிக்கர் உரிந்திருப்பதைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். “ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டீர்களே சார், இனி வாரண்டி செல்லாது.” அடியில் இருந்த 27ஐ விரலால் தொட்டுக் காட்டினேன். “அது கம்பெனியில் போடும் எண்” என்றான், கண்ணிமைக்காமல்.

பில் கேட்ட அன்றே “பில் வேண்டும் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் கூடும்” என்று சொல்லியிருந்தான், நானும் மிச்சம் என்று தலையாட்டியிருந்தேன். சீட்டில் கடையின் முகவரி இல்லை, வரி எண் இல்லை, ‘6 மா. வா.’ என்று ஒரு கிறுக்கல். யூ.பி.ஐ.யில் அனுப்பியிருந்தாலாவது பணம் போன இடம் பதிவில் இருந்திருக்கும். நான் நோட்டாகக் கொடுத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். யார் பெயரில் புகார், ரசீது எண் என்ன என்று கேட்டார்கள். தினமும் மற்றவர்களிடம் நான் கேட்கும் கேள்விகள் அவை. பதில் இல்லாமல் இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கடைசியில் அந்தத் தம்பி, வேறு பேட்டரி வாங்கினால் 800 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கம்பெனியின் சேவை மையத்தில் முன்பணம் கட்டி, ஒன்பது நாள் காத்திருந்து, 4,700 ரூபாய்க்கு வரியோடு பில் போட்டு வாங்கினேன். அங்கேயே அரை மணி நேரம் சார்ஜரைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன். 13 சதவீதம் இறங்கியது. அறிக்கையில் 41,440க்கு 41,160. இப்போது எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்திருக்கிறேன். மின்தடை அறிவிப்பு வந்தால் மட்டும் முதல் நாள் இரவு நூறுக்கு ஏற்றுகிறேன். அந்த 27ஆம் எண்ணையும் சேவை மையத்திலேயே மறுசுழற்சிக்கு வாங்கிக்கொண்டார்கள்.

என்னுடைய பழையதுதான் உறுத்துகிறது. பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது, மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும் என்று 2022இல் விதியே வந்திருக்கிறது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில்தான் அதைக் கொடுத்தேன். அந்தத் தம்பி அதை மேசைக்குக் கீழே இருந்த கோணிப்பைக்குள் போட்டான். உள்ளே ஏற்கெனவே இருபது முப்பது கிடந்தன. எதை வாங்கினாலும் தேதி எழுதி வைப்பது என் பழக்கம். உங்கள் புதுப் பேட்டரியின் ஸ்டிக்கருக்கு அடியில், நீல மையில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில் 14-6-2017 என்று தெரிந்தால், அது என்னுடையது. 300 ரூபாய்க்குக் கொடுத்தேன்.