வேலைநிறுத்த நேரத்தில் பாஸ்போர்ட்: உள்ளூரா, கோவையா, தட்காலா?

பொது வேலைநிறுத்தம் அறிவித்ததும், தமிழ்நாட்டு எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முதலில் எழும் பேச்சு, "கோவையிலேயே போட்டுவிடலாமே" என்பதுதான். 2018 ஜூன் முதல் எந்த பாஸ்போர்ட் அலுவலகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கோவைக்குப் போவதால் கவுன்டர் வேலை மட்டுமே முடியும். போலீஸ் விசாரணை, ஃபார்மில் எழுதிய முகவரிக்குரிய கேரள ஸ்டேஷனில்தான் நடக்கும். பாஸ்போர்ட்டும் அந்த முகவரிக்கே வரும்.

தபால் அலுவலகத்தில் இயங்கும் உள்ளூர் மையம் பக்கம்தான். ஆனால் வேலைநிறுத்தத்தில் அதற்கு இரட்டை அடி. சான்றிதழ் பார்ப்பவர்கள் தபால் ஊழியர்கள், ஸ்பீடு போஸ்ட் கொண்டுவருபவர்களும் அவர்களே. 2018 மே 22 அன்று கிராமிய தபால் ஊழியர்கள் தொடங்கிய போராட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் அச்சாகி வந்த பாஸ்போர்ட்கூட கிராமத்துக்கு வந்து சேராது. கோவை போன்ற பெரிய மையங்களில் மூன்று கவுன்டர்களில் முதலாவதில் இருப்பது டிசிஎஸ் என்ற தனியார் நிறுவன ஊழியர்கள். அடுத்த இரண்டும் அரசு அதிகாரிகளுடையவை, அவர்கள் வராவிட்டால் அங்கேயும் ஃபைல் நகராது.

வேலைநிறுத்த நாளிலேயே கோவையில் அப்பாயின்ட்மென்ட் என்றால் பஸ்ஸை நம்ப வேண்டாம், தமிழ்நாட்டு வண்டிகள் எல்லையிலுள்ள வாளையாரோடு திரும்பிவிடும். பைக் இருந்தால் வேலந்தாவளம் வழி. இல்லாவிட்டால் முன்கூட்டியே தேதியை மாற்றிவிடுங்கள். ஆண்டுக்கு மூன்று முறைதான் மாற்றலாம், அவசரப்பட்டு வீணாக்கக் கூடாது.

அவசர முறையான தட்காலில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாயோடு இன்னும் 2,000. இதில் உண்மையான லாபம், போலீஸ் விசாரணை பெரும்பாலும் பாஸ்போர்ட் கொடுத்த பிறகு நடப்பதுதான். போலீசார் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, ஆனால் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். சாதாரண விண்ணப்பம் தேங்குவது அங்கேதான். தட்காலுக்கு மூன்று ஆவணங்கள் வேண்டும், மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். வாக்காளர் அட்டையில் 'முருகன் கே', ஆதாரில் 'முருகன் கந்தசாமி' என்றிருந்தால் கவுன்டரிலேயே சிக்கும். ஃபார்மில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், இனிஷியல் உள்ள ஆவணத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

முகவரி மாறாத புதுப்பித்தலுக்கு உள்ளூர் மையமே போதும், தேதியைத் தள்ளினால் சரி. முதல் பாஸ்போர்ட், பயணமும் ஒரு மாதத்துக்குள் என்றால் கோவையும் தட்காலும் சேர்ந்தே வேண்டும்; ஒன்று மட்டும் போதாது.

தபால் தாமதத்தை மட்டும் எந்த வழியும் தீர்க்காது. ஸ்பீடு போஸ்ட் எண் வந்ததும் உங்கள் தபால் அலுவலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பித்தவர் கையில்தான், அடையாள அட்டை பார்த்துத்தான் தருவார்கள். வீடு பூட்டிக் கிடந்தால் உறை அனுப்பிய அலுவலகத்துக்கே திரும்பிவிடும்.