தெருச் சுவருக்கு எந்தப் பெயிண்ட்? எமல்ஷன், சுண்ணாம்பு, சிமெண்ட் பெயிண்ட்: தன்னார்வக் குழுக்களுக்கு ஒரு மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குடியிருப்போர் சங்கமோ கல்லூரி என்.எஸ்.எஸ். குழுவோ தெருவோரக் காம்பவுண்டுச் சுவரை அழகுபடுத்தக் கிளம்பினால், காய்ந்த சுவருக்கு நடுத்தர விலை எக்ஸ்டீரியர் எமல்ஷன் (தண்ணீர் சேர்த்து அடிக்கும் வெளிச்சுவர்ப் பெயிண்ட்) போதும். ஈரம் ஊறும் சுவருக்குச் சுண்ணாம்பு. அடித்த பிறகு தண்ணீர் தெளிக்க ஆள் நிச்சயமாக இருந்தால் மட்டும் சிமெண்ட் பெயிண்ட் (சிமெண்ட் கலந்த பொடியைத் தண்ணீரில் குழைத்து அடிப்பது). எண்ணெய்ப் பெயிண்டான எனாமலைச் சுவர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கடைக்காரர் எடுத்துக் காட்டும் நீண்ட வாரண்டி டப்பா இந்த வேலைக்குத் தண்டச் செலவு.

காரணம் சுவரில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கு மேலே கூரை, சன்ஷேடு, அடியில் ஈரத்தடுப்பு என்று ஏதாவது பாதுகாப்பு உண்டு. காம்பவுண்டுச் சுவருக்கு மழை நேராகத் தலையில் இறங்கும். பின்பக்கம் மண்மேடு ஏறியிருக்கும். ரோடு போடப் போட நடைபாதை உயர்ந்து, பூச்சின் கீழ் ஓரம் மண்ணுக்குள் புதைந்திருக்கும். இப்படிப்பட்ட சுவரில் பெயிண்ட் முன்பக்கத்திலிருந்து கெடுவதில்லை. பின்னாலிருந்தும் கீழிருந்தும் வரும் தண்ணீர் அதைத் தள்ளி உரிக்கிறது. எவ்வளவு உசத்தியான பெயிண்டாக இருந்தாலும் அந்தத் தள்ளுதலுக்குத் தாங்காது. படலம் கெட்டியாக இருக்க இருக்க, பெரிய பெரிய பத்தையாக உரியும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் சுவரைச் சோதிக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பாலித்தீன் ஷீட்டைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலும், இன்னொன்றை நாலடி உயரத்திலும் வைத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. கீழ் ஷீட் மட்டும் வியர்த்தால் தரை ஈரம் ஏறுகிறது. இரண்டும் வியர்த்தால் பின்னால் மண்ணோ கசியும் குழாயோ இருக்கிறது. இரண்டாவது சோதனை பழைய பூச்சுக்கு. அகலமான பிரவுன் டேப்பைச் சுவரில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பின் பசைப்பக்கம் வெள்ளை மாவாக வந்தால் அடியில் பழைய சுண்ணாம்பு. அதன் மேல் எமல்ஷன் அடித்தால் பெயிண்ட் சுவரைப் பிடிக்காது, அந்த மாவைத்தான் பிடிக்கும். மாநகராட்சிச் சுவர்களில் அடித்த எமல்ஷன் ஒரே மழையில் அப்பளம் போல எழும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழி என்னவோ கம்பெனி மேல் விழுகிறது.

எமல்ஷனில் ஏஷியன் பெயிண்ட்ஸ் ஏஸ், ஏபெக்ஸ், அல்டிமா, பெர்ஜர் வெதர்கோட், நிப்பான், நெரோலாக் என எல்லாக் கம்பெனியிலும் விலைக்கு ஒரு படி இருக்கிறது. மேல் படியில் இருப்பவை தூசு ஒட்டாமை, நிறம் மங்காமை, நுண்ணிய விரிசலை மூடும் தன்மை ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் வாங்குகின்றன. மூன்று மாடிக் கட்டடத்துக்கு அது நியாயம். ஆறடி காம்பவுண்டில் அழுக்கு என்பது பஸ் தெறிக்கும் சேறும் வெற்றிலை எச்சிலும்தான். அதற்கு எந்தப் படியிலும் மருந்து கிடையாது. அடியிலிருந்து இரண்டாவது படியை வாங்கி, மிச்சமாகும் பணத்தைப் பிரைமருக்கும் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கம்பி பிரஷ்ஷுக்கும் போடுவதே புத்திசாலித்தனம். எங்கள் மதிப்பெண், காய்ந்த சுவரில் ஐந்துக்கு நான்கு. ஈரச் சுவரில் ஒன்று.

அளவு போடுவது எளிது. நூறடி நீளம், ஆறடி உயரம் என்றால் 600 சதுர அடி, கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல், வழவழப்பான அக்ரிலிக் வெளிப்பூச்சுக்கு இரண்டு கோட்டுக்கு (இரண்டு முறை அடிக்க) 10 சதுர மீட்டருக்கு 1.67 லிட்டர் என்று கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் ஒன்பதரை லிட்டர்போல் வரும். ஆனால் தெருச் சுவரின் பூச்சு சொரசொரப்பானது, அடிப்பவர்களும் பழகாத கைகள். லிட்டருக்கு 45 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது. மேலே நாலரை அடிக்கு 10 லிட்டர் டப்பா ஒன்று, கீழே ஒன்றரை அடி காவிப் பட்டைக்கு 4 லிட்டர் ஒன்று, எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்டுக்கு 4 லிட்டரில் இரண்டு. தண்ணீர் எவ்வளவு சேர்ப்பது என்பதை டப்பாவில் போட்டிருப்பார்கள். அதை மீறக் கூடாது. பெயிண்ட் காணாது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவார். அந்த இடம் மட்டும் ஆறு மாதத்தில் கையில் ஒட்டும் பொடியாகிவிடும். கலக்கும் வேலையை ஒரே ஆளிடம் விடுங்கள், அளவு ஜாரும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

நிறத்தைக் கடையின் மெஷினில் கலந்து வாங்குவதே நல்லது. கலந்த டப்பாவைக் கடை திரும்ப எடுக்காது என்பதால் அளவை உறுதி செய்துவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா என்றால் எல்லாவற்றையும் பெரிய டிரம்மில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிய பிறகே ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் சுவரின் நடுவில் சாயல் மாறி நிற்கும். செலவு மிச்சம் என்று வெள்ளையில் ஸ்டெயினர் (நிறம் கூட்டும் திரவம்) பாட்டிலைப் பிழிந்து அடர் நிறம் வரவழைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஸ்டெயினரில் பசை கிடையாது. ஊற்ற ஊற்ற அடர்த்தி கூடாது, பிடிப்புதான் குறையும். முதல் மழையில் நடைபாதையெல்லாம் நீலம். வெளிர் நிறத்துக்கு மேல் ஸ்டெயினரை நம்பாதீர்கள். சிவப்பு, ரோஸ், எலுமிச்சை மஞ்சள் போன்ற பளிச் நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி, மண் மஞ்சள், கறுப்பு போன்ற ஆக்சைடு நிறங்கள் நின்று பேசும். படம் வரைபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மயிலின் கழுத்தும் திருவள்ளுவரின் முகமும் ஒரு வருடத்தில் ஆவியாகாமல் இருக்கும்.

சுண்ணாம்பை ஏழைப் பொருள் என்று ஒதுக்குகிறார்கள். ஈரம் ஊறும் சுவருக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கடையில் இல்லை. அது படலமாக மூடாது; ஈரம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். கெட்டாலும் பொடியாக உதிருமே தவிர பத்தையாக உரியாது. அதன் மேலேயே அடுத்த வருடம் அடிக்கலாம். ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் நீற்றி, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, முரட்டுத் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த வஜ்ஜிரப் பசையோ கோந்தோ சேர்க்க வேண்டும். வெண்மைக்குக் கொஞ்சம் நீலம். நீற்றும்போது கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்பு டிரம்தான் சரி. டிரம்மில் தண்ணீர் வைத்து அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் அருகில் போக வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் நீற்றவே வேண்டாம். பட்டுவிட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அடிக்கும்போது ஒரு விஷயம் புதியவர்களை ஏமாற்றும். சுண்ணாம்பு ஈரமாக இருக்கையில் கண்ணாடி மாதிரி நிறமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். "ஒண்ணுமே ஏறலையே" என்று அதே இடத்தில் மூன்று தடவை இழுப்பார்கள். மறுநாள் அங்கே தடிப்பாக வெடித்து, கை வைத்தால் கொட்டும். சுவரை நனைத்துக்கொண்டு, பால் பதத்தில், மெல்லிய கோட்டாக அடித்து, காயவிட்டு அடுத்தது. மூன்று கோட்டு. இதற்கு நிறம் வேண்டுமென்றால் காவியும் மஞ்சள் மண்ணும்தான், எமல்ஷன் ஸ்டெயினர் ஆகாது. மெல்லிய கோடு போட்டுப் படம் வரைய இது உதவாது என்பதுதான் பெரிய குறை. பெரிய பட்டை, கோலத் துண்டுகள், கோயில் மதில் பாணிக் காவி வெள்ளைக் கோடுகள் என்றால் அழகாகவே வரும். ஈரச் சுவரில் ஐந்துக்கு நான்கு.

சிமெண்ட் பெயிண்ட் என்றால் நம் ஊரில் ஸ்னோசெம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இதுவரை எதுவும் அடிக்காத, சொரசொரப்பான சிமெண்ட் பூச்சில் இது அருமையாகப் பிடிக்கும். எடையில் கணக்கு: மேலே சொன்ன அதே பட்டியலின்படி புதுச் சுவரில் 10 சதுர மீட்டருக்கு 3.84 கிலோ, அதாவது நம் நூறடிச் சுவருக்கு இருபத்தோரு கிலோவுக்குச் சற்று மேல். கலப்பது இரண்டு கட்டமாக. இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து ஐந்து நிமிடம் வைத்து, பிறகு இன்னொரு பங்கு தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குள் தீர்கிற அளவு மட்டும் கலக்க வேண்டும். தன்னார்வலர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: மொத்தப் பையையும் காலை ஏழு மணிக்கே டிரம்மில் கொட்டிவிட்டு, இறுகியதும் தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள். இறுகிய சிமெண்ட் இளகாது, வெறும் மண்ணாகத்தான் சுவரில் ஏறும். தவிர, அடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும், கோட்டுக்குக் கோட்டு ஒரு நாள் இடைவெளி, காய்ந்த பின் தினமும் இரண்டு மூன்று வேளை தண்ணீர் தெளிப்பு. ஞாயிறு மட்டும் வருகிற குழுவுக்கு இது எப்படிச் சாத்தியம்? பொருள் நல்லது, ஆள்தான் இல்லை. சுண்ணாம்போ பழைய எமல்ஷனோ இருக்கிற சுவரில் முழுதாகச் சுரண்டாமல் அடிக்கவும் கூடாது.

எனாமல் இரும்புக் கிரில், கேட், பெஞ்சுக் கால்களுக்கு மட்டும். அதற்கும் முதலில் ரெட் ஆக்சைடு பிரைமர். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் தெரியாத மலிவு எனாமலைக் குழந்தைகள் பூங்காவுக்கு வாங்காதீர்கள். அங்கே இருக்கும் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பாமல், நனைத்துச் சுரண்டுங்கள்.

தயாரிப்பு வேலைதான் பாதிக்கு மேல். போஸ்டரை உலர்வாக உரித்தால் பாதி சுவரிலேயே நிற்கும். தண்ணீர் அடித்து ஊறவிட்டு, பட்டைக் கத்தியால் கீழிருந்து மேலாகத் தள்ள வேண்டும். பேப்பர் போனாலும் மைதாப் பசை தங்கும். அதைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பெயிண்டுக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். கறுத்த பாசிக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர், சில மணி நேரம் விட்டுக் கழுவல். அதோடு டாய்லெட் ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மறந்தும் செய்ய வேண்டாம். உப்பு பூத்த இடத்தில் மட்டும் தண்ணீர் கூடாது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ள வேண்டும், கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும். பட்டி பார்க்கிறேன் என்று முழுச் சுவருக்கும் வால் புட்டி இழுப்பது வீண். விரிசலுக்கு மட்டும் கிராக் ஃபில்லர், உடைந்த ஓரத்துக்குச் சிமெண்ட் கலவை. புதிதாகப் பூசிய இடம் 28 நாள் ஆறட்டும்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் முடிக்கப் பார்ப்பதுதான் எல்லாக் கெடுதலுக்கும் மூலம். ஒரு ஞாயிறு சுரண்டல், கழுவல். ஒரு வாரம் சுவர் காயட்டும். சனி மாலை நாலு பேர் பிரைமர். மறுநாள் இரண்டு கோட்டு, நடுவில் நாலு மணி நேரம். கிழக்குப் பார்த்த சுவரை மதியத்துக்கு மேல், மேற்குப் பார்த்ததைக் காலையில். கொதிக்கும் சுவரில் எமல்ஷன் இழுக்கும்போதே காய்ந்து கோடு கோடாக நிற்கும். சென்னைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை யார் கேட்டாலும் தள்ளிப்போடுங்கள்.

கீழே அடர் காவிப் பட்டை என்ற யோசனையைப் பெங்களூரின் 'தி அக்லி இந்தியன்' என்ற தன்னார்வக் குழு பல இடங்களில் கையாண்டு காட்டியிருக்கிறது. சேறும் எச்சிலும் அதில் தெரிவதில்லை, திரும்ப அடிக்கவும் கொஞ்சம் பெயிண்டே போதும். 2020இல் சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புகளில் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளை வரையவைத்த பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டு "நம்ம சுவரிலும் அப்படி" என்று கேட்பவர்களுக்கு: அவை தரை ஈரம் எட்டாத உயரத்துக் கட்டடச் சுவர்கள், ஆள்கள் தொழில்முறை ஓவியர்கள். காம்பவுண்டில் முகங்களைத் தவிர்த்து, தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் பெரிய வடிவங்களாக வரைந்தால் பழுது பார்ப்பது சுலபம்.

சுவர் யாருடையது என்று முதலில் கேளுங்கள்: மாநகராட்சியா, நெடுஞ்சாலையா, ரயில்வேயா, தனியாரா? அனுமதியில்லாமல் ஒட்டுவதையும் எழுதுவதையும் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. வாய்ச்சொல் போதாது, கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். மின்வாரியப் பெட்டியையும் டிரான்ஸ்ஃபார்மர் வேலியையும் தொடவே வேண்டாம்.

பிரஷ் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைப் பழைய நியூஸ்பேப்பரில் காயவைத்துக் குப்பையில் போடலாம். டப்பாவுக்குள் பெயிண்டர்களுக்கான டோக்கன் இருந்தால் ஏணி இரவல் கொடுத்த பெயிண்டருக்குக் கொடுத்துவிடுங்கள், அடுத்த முறையும் ஏணி வரும். மீந்ததில் ஒரு லிட்டரைக் காற்றுப் புகாத டப்பாவில் ஊற்றி, நிற எண்ணையும் தேதியையும் எழுதி, தெருவில் யாராவது ஒருவர் வீட்டு நிழலில் வையுங்கள். போஸ்டர் ஒட்டிய அன்றே உரித்து அந்த இடத்தில் அடித்துவிட்டால் இரண்டாவது போஸ்டர் வருவது குறையும்.