5 சதவீதமா, 20 சதவீதமா? மாட்டுக் கருவளர்ப்பில் ஆக்சிஜன் அளவு

எங்கள் ஆய்வகத்தில் மாட்டுக் கருக்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் பழைய இன்குபேட்டர் (வெப்பத்தையும் வாயு அளவையும் சீராக வைக்கும் பெட்டி) பழுதானபோது, அதே வகையை மீண்டும் வாங்குவதா, ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் குறைக்கும் வசதியோடு வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. குறைந்த ஆக்சிஜனையே தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வளர்ப்பது எளிது, செலவும் குறைவு. மீடியத்தின், அதாவது வளர்ப்புத் திரவத்தின், அமிலத்தன்மையைச் சரியாக வைக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்றே போதும். கருக்களோடு கருக்குழாய்ச் (சினைப்பையிலிருந்து கருப்பைக்குச் செல்லும் குழாய்) செல்களையும் சேர்த்து வளர்த்த காலத்தில், அந்தச் செல்களே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டதால் இம்முறை நன்றாகவே ஓடியது. செல்கள் இல்லாத எளிய மீடியத்துக்கு மாறியபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது.

பாலூட்டிகளின் கருக்குழாயில் ஆக்சிஜன் பொதுவாக 2 முதல் 8 சதவீதமே. அதைவிட மிகுந்தால் செல்லுக்குள் வினைதிறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, கொழுப்புச் சவ்வையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன. கேம்பிரிட்ஜில் 1972இலேயே செம்மறியாடு, மாட்டுக் கருக்களைச் செயற்கைக் கருக்குழாய்த் திரவத்தில் 5 சதவீத ஆக்சிஜனில் வளர்த்துக் காட்டினார்கள். மனிதக் கருக்களைப் பற்றி 2012இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு, காற்றின் அளவில் 30 சதவீதமாக இருக்கும் குழந்தைப் பிறப்பு விகிதம், குறைந்த ஆக்சிஜனில் 32 முதல் 42 சதவீதமாகக்கூடும் என மதிப்பிட்டது. மாட்டுக் கருவில் முதல் செல் பிளவுகளைப் பார்த்து இரண்டு முறைகளையும் வேறுபடுத்த முடியாது. ஏழாம் நாளில் எத்தனை கருக்கள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே திரவம் நிறைந்த பல செல் கரு) ஆகின்றன, அவற்றில் எத்தனை செல்கள் உள்ளன என்பதில்தான் வித்தியாசம் தெரியும். இரண்டாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்று முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது உயிரியல் அல்ல, நைட்ரஜன். ஆக்சிஜனைக் குறைப்பது என்றால் நைட்ரஜனைச் செலுத்தி அதை வெளியேற்றுவதுதான். 150 லிட்டர் பெட்டியின் கதவு திறந்து உள்ளே முழுவதும் அறைக்காற்று புகுந்துவிட்டதாகக் கொள்வோம். கார்பன் டை ஆக்சைடை 5 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8 லிட்டர் வாயு போதும். ஆக்சிஜனை 20இலிருந்து 5க்கு இறக்கவோ, செலுத்தும் நைட்ரஜனும் கலந்து வெளியேறிக்கொண்டே இருப்பதால், பெட்டியின் கொள்ளளவைப் போல் 1.4 மடங்கு, அதாவது 200 லிட்டருக்கு மேல் தேவைப்படும். 7 கன மீட்டர் கொள்ளும் சிலிண்டர் இந்தக் கணக்கில் 35 முறைகூடத் தாங்காது. உட்கதவுகள் இருந்தால் இழப்பு குறையும் என்பது உண்மையே. ஆனால் பல பேர் பயன்படுத்தும் பெட்டியில் கதவு அடிக்கடி திறக்கும், ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் பழைய அளவுக்குத் திரும்பும்வரை கருக்கள் நாம் தவிர்க்க நினைத்த காற்றிலேயே இருக்கும். சிலிண்டர் விடுமுறை நாளில் தீர்ந்துவிட்டால், பெட்டி ஓசையின்றி 20 சதவீதப் பெட்டியாக மாறிவிடுகிறது.

ஆகையால் பெரிய பெட்டியை விட்டு, சிறு அறைகள் கொண்ட மேசை இன்குபேட்டரை வாங்கி, 5 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 90 சதவீத நைட்ரஜன் என முன்கலந்த வாயுவை இணைத்தோம். ஓர் அறையைத் திறந்தால் மற்றவை பாதிக்கப்படுவதில்லை; அறை சிறியது என்பதால் வாயுச் செலவும் சிறியது. குறையும் உண்டு: கலவை மாறாதது என்பதால், மீடியத்தின் அமிலத்தன்மையைச் சரிசெய்ய கார்பன் டை ஆக்சைடை மட்டும் கூட்டிக் குறைக்க முடியாது. புதிய சிலிண்டர் வரும்போதெல்லாம் அளவுமானியால் சோதித்த பிறகே இணைக்கிறோம். ஒருமுறை சீட்டில் எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆக்சிஜனை 2 சதவீதத்துக்கு இறக்கும் முறையைச் சில தடவைகளே முயன்றிருக்கிறோம். அதைப் பரிந்துரைக்க அந்த அனுபவம் போதாது. எருமைக் கருக்களிலும் எங்கள் கை இன்னும் பழகவில்லை. சினைமுட்டைகள் முதிரும் முதல் 22 முதல் 24 மணி நேரத்தை மட்டும், பழுது பார்த்த பழைய பெட்டியில், காற்றின் ஆக்சிஜனிலேயே வைத்திருக்கிறோம்.